காகித ஆலைக் கழிவில் ஓடும் வண்டி
(குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காகிதம் மரக்கூழிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூழ் ஆலையின் கழிவிலிருந்து டீசல் தயாரிக்கிறார்கள் என்பது தெரியுமா?

பைன் மரச் சில்லுகளைக் காரத்தில் வேகவைத்தால் நார் தனியாகும், கறுப்புச் சாறு மிஞ்சும். அதைச் சுண்டக் காய்ச்சும்போது மேலே சோப்பு போல ஆடை படியும். அதை வழித்தெடுத்து அமிலம் சேர்த்தால் எண்ணெய் பிரியும். பெயர் 'டால் ஆயில்'. நம்ம பருப்பு இல்லை; ஸ்வீடிஷ் மொழியில் 'டால்' என்றால் பைன் மரம்!

பின்லாந்தின் லப்பேன்ரந்தா நகரில் யுபிஎம் நிறுவனம் 2015 முதல் இந்த எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்து டீசலாக்குகிறது. தொடக்கத்தில் திட்டமிட்ட அளவு ஆண்டுக்குச் சுமார் 12 கோடி லிட்டர். சாதாரண டீசல் வண்டியிலேயே ஊற்றலாம்.

ஆனால் ஒரு டன் கூழுக்குக் கிடைப்பது சுமார் 30 முதல் 50 கிலோ எண்ணெய்தான். பசை, மை தயாரிப்பவர்களுக்கும் இதுவே வேண்டும். டீசலுக்காகக் கூடுதலாக மரம் வெட்டினால் நோக்கமே கெட்டுவிடும். ஆகவே ஒரே கழிவை நம்பிப் பயனில்லை. எங்கெங்கே கழிவு சேர்கிறதோ, அங்கங்கே எடுக்க வேண்டும்.

நம் வீட்டில் பைன் மரம் இல்லை. வடை சுட்ட எண்ணெய் இருக்கிறது. அதுவும் பயோடீசலாகும். எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் இதற்கென்றே 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் உடம்புக்கு ஆகாது. ஆறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் சேர்த்து வையுங்கள். அங்கீகாரம் பெற்றவர்களிடம் மொத்தமாகக் கொடுக்க நம் சங்கம் ஏற்பாடு செய்யட்டும்.