படிவம் 6-இல் ஒரு சிறுவன்

சட்டப் பேராசிரியர்களும் நன்னடத்தை அலுவலர்களும் ஒரே அரங்கில் உட்கார்வது அடிக்கடி நடப்பதில்லை. ஆகவே சம்பிரதாயங்களைச் சுருக்கிக்கொண்டு நேரே அறிக்கைக்கு வருகிறேன்.

குற்றம் சாட்டப்பட்ட சிறுவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதன்முதலாக நிறுத்திய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை வந்தாக வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அதற்கென 2016 மாதிரி விதிகளில் படிவம் 6 இருக்கிறது. அந்தப் படிவத்தைக் குறைசொல்பவர்களில் பலர் அதை முழுதாகப் படித்ததில்லை என்பது என் எண்ணம். படிப்பை நிறுத்தியதற்கு ஆசிரியரின் அலட்சியமா, அடியா, அவமானமா, பயிற்றுமொழியா என்பதுவரை கேட்கிறது. சறுக்கல் பதில்களில்தான் இருக்கிறது.

பயிற்சி வகுப்புகளில் நான் சொல்லும் ஓர் உதாரணம். காலை 11 மணிக்கு அலுவலர் வீட்டுக்குப் போகிறார். கதவு பூட்டியிருக்கிறது. அம்மா விடியற்காலையிலேயே வீட்டுவேலைக்குக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, ‘பெற்றோர் கண்காணிப்பு இல்லை’ என்று எழுதிவிடுகிறார். கதவு பூட்டியிருந்தது அவர் கண்டது. கண்காணிப்பு இல்லை என்பது அவருடைய ஊகம். பிறகு படிக்கும் குழும மாஜிஸ்திரேட்டுக்கு ஊகம் மட்டுமே கிடைக்கிறது. அலுவலரை மட்டும் பழிக்க மாட்டேன். மாலை 7 மணிக்கு மறுபடி போய்ப் பார் என்றால், பஸ் காசையும் நேரத்தையும் யார் கொடுப்பது?

இதைவிடப் பெரிய சிக்கல் காலவரிசையில் இருக்கிறது. 18 வயதுவரை எந்தக் குழந்தைக்கும் குற்றநோக்கம் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்கிறது இதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு. படிவமோ, குற்றம் நிரூபணமாகும் முன்பே, சாட்டப்பட்ட குற்றத்துக்குக் காரணம் என்ன என்று கேட்கிறது. இங்கிலாந்தில் தண்டனைக்கு முந்தைய அறிக்கையைப் பொதுவாகக் குற்றம் உறுதியான பிறகே கேட்கிறார்கள். இங்கே விசாரணைக்கு 4 மாதம், நீட்டித்தால் இன்னும் 2. அதற்குள் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கலாம், ஏதோ ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். கண்டித்து அனுப்புவதா, நன்னடத்தையில் விடுவதா, 3 ஆண்டுவரை சிறப்பு இல்லமா என்று முடிவெடுக்கும் நாளிலும் மேசைமேல் இருப்பது அந்தப் பழைய அறிக்கைதான்.

ஆகவே அறிக்கை இரண்டாக வேண்டும் என்பது என் கட்சி. 15 நாளில் வருவது குடும்பம், படிப்பு, உடல்நலம் பற்றிய செய்திகளோடு நிற்கட்டும். காரணமும் பரிந்துரையும் குற்றம் உறுதியான பிறகு, புதிதாக ஒருமுறை வீட்டுக்குப் போய்வந்து எழுதப்படட்டும்.

இன்னொன்று. 99-ஆம் பிரிவின்படி அறிக்கை இரகசியம். குழுமம் விரும்பினால் சாரத்தைச் சிறுவனுக்கோ பெற்றோருக்கோ சொல்லலாம். அடுத்த உட்பிரிவிலேயே, பாதிக்கப்பட்டவருக்கு வழக்கு ஆவணங்களை மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. அது நியாயம்தான். ஆனால் ‘கண்காணிப்பு இல்லை’ என்ற வரியை மறுத்துப் பேச வேண்டிய அம்மாவுக்கு, அப்படி ஒரு வரி இருப்பதே குழுமம் மனம்வைத்தால்தான் தெரியும்.

இரட்டை அறிக்கையால் வேலைப்பளு கூடும் என்று அலுவலர்கள் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். அந்த வாதத்தோடே முதல் அமர்வைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.