பாட்டில் விடுபட்ட பெண்
(குடியிருப்போர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயிலிலும் சந்தையிலும் தாளம் தட்டிக் கொலைச் சிந்து பாடிப் புத்தகம் விற்றவர்களை, உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க மலைக் கிராமங்களிலும் கொலைகள் இப்படித்தான் பாட்டாயின. அவற்றில் ஒன்றை மட்டும் இன்று சொல்கிறேன்.

1866 மே மாதம். வட கரோலினாவில் லாரா ஃபாஸ்டர் என்ற இளம்பெண் அப்பாவின் குதிரையில் ஏறி வீட்டைவிட்டுப் போனாள். திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து, கத்திக்குத்துப்பட்ட அவள் உடல் ஆழமில்லாத ஒரு குழியில் கிடைத்தது.

சந்தேகம் டாம் டூலா மீது விழுந்தது. உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய். லாராவோடு பழக்கம்; மணமான ஆன் மெல்டனோடும் பழக்கம். அவன் டென்னசிக்கு ஓடி, கிரேசன் என்பவரின் பண்ணையில் சில நாள் கூலிவேலை செய்தான். அவனைப் பிடிக்க உதவியவர் அந்தக் கிரேசன்தான். முன்னாள் ஆளுநர் செபுலன் வான்ஸே டூலாவுக்காக வாதாடினார். முதல் தீர்ப்பு ரத்தானது, மறுவிசாரணையிலும் தண்டனைதான். 1868 மே 1 அன்று தூக்கிலிட்டார்கள். குற்றம் தன்னுடையது மட்டுமே என்று அவன் எழுதிவைத்துவிட்டுப் போனான். ஆன் மெல்டன் விடுதலையானாள். உண்மையில் குத்தியது யார் என்ற பேச்சு அந்த ஊரில் அடங்கவே இல்லை.

இனி பாட்டுக்கு வருவோம். 1958இல் கிங்ஸ்டன் ட்ரியோ பாடிய ‘டாம் டூலி’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ‘டூலா’வை அந்த ஊர்க்காரர்கள் ‘டூலி’ என்றுதான் சொல்வார்கள், அது போகட்டும். பாட்டுக்கு முன்னுரையாக வரும் பேச்சு, பிடித்துக்கொடுத்த கிரேசனையே காதல் முக்கோணத்தில் ஒருவராக்கிவிட்டது! நம் வாட்ஸ்ஆப் குழுவில் பார்க்கிங் சண்டையே மூன்றாவது ஃபார்வர்டில் வேறு கதையாகிறது. இதுவோ தொண்ணூறு வருஷம் பல வாய்களில் புரண்டு வந்தது.

கிரேசனாவது பெயரோடு இருக்கிறார். ஆன் மெல்டன் இல்லை. கொலையான பெண்ணோ வெறும் ‘அவள்’. அழச் சொல்வதும் தூக்குக்குப் போகிறவனுக்காகத்தான்.

வீட்டுக்குப் போய் யூடியூபில் கேளுங்கள். மூன்று நிமிடம்தான், மெட்டு இனிமையானது. செத்துப்போனது யார் என்று பிள்ளைகள் கேட்டால், லாரா ஃபாஸ்டர் என்று சொல்லுங்கள்.