தாலியோடு தாளும் வேண்டும்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



பெண்ணுக்குக் கலியாணம் என்றால் நாம் எதனைத்தான் எண்ணிப் பார்ப்பதில்லை! சாதகம் பார்க்கிறோம். தாலிக்கொடி எத்தனை பவுண் என்று பேசுகிறோம். கூறைச் சேலைக்குக் கடை கடையாய் ஏறி இறங்குகிறோம். ஆனால் கடல் கடந்து போகும் அந்தப் பெண் பதினைந்து ஆண்டுகள் கண்விழித்துப் படித்துப் பெற்ற சான்றிதழ்களைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை கேட்கிறோமா? அவை பழைய பெட்டியின் அடியிற் கிடக்கின்றன. அவற்றைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

இங்கே கூடியிருக்கும் கமக்காரப் பெருமக்களே! வெங்காயமும் புகையிலையும் செய்து, விற்ற காசிற் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நீங்கள். மகள் தாதியானாள், ஆசிரியையானாள், கணக்காளரானாள். ரொறன்ரோவில் மாப்பிள்ளை அமைந்ததும் அந்தப் படிப்பு என்ன ஆகிறது? பொதி கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை! தொழிலில் இழிவில்லை. ஆனால், நோயாளியின் உயிரைக் காக்கக் கற்றவள், உரிய தாள் கையில் இல்லாத ஒரே காரணத்தால் பெட்டி அடுக்குவது யாருக்கு இலாபம்?

இதற்கு ஒரு காரணம் உண்டு. கனடாவிலுள்ள கணவன் மனைவியை அழைக்கும் விண்ணப்பத்தில் அவளது கல்வி மதிப்பீடோ மொழிப் பரீட்சையோ கேட்கப்படுவதில்லை. விவாகப் பதிவும், பிறப்புச் சான்றிதழும், பொலிஸ் அறிக்கையும், வைத்தியப் பரிசோதனையும் இருந்தாற் போதும் என்று நாமும் இருந்துவிடுகிறோம். குடிபுகும் வாசல் வேறு. தொழில் புகும் வாசல் வேறு. முதல் வாசல் திறந்ததும் இரண்டாவதும் திறந்துவிட்டது என்று எண்ணுவதே நமது பிழை.

தாதியம், ஆசிரியம் போன்ற தொழில்களுக்கு அந்நாட்டில் மாகாணந்தோறும் தனித்தனி ஒழுங்குமுறைச் சபைகள் உள்ளன. அவை அனுமதி வழங்காமல் அத்தொழிலைச் செய்ய இயலாது. அச்சபைகள் பெரும்பாலும், கையிற் கொண்டுபோகும் பிரதியை ஏற்பதில்லை. படித்த நிறுவனமும், இங்கே பதிவுசெய்த சபையும் நேரடியாக அனுப்பும் ஆவணங்களையே கேட்கின்றன. பெறுபேற்று விவரம் மட்டுமன்று. பாடவிதானம், பயிற்சி மணித்தியாலங்கள், அண்மைக் காலத்திற் பணியாற்றியமைக்கான கடிதம் ஆகியனவும் வேண்டப்படலாம். ரொறன்ரோவில் இருந்துகொண்டு இங்குள்ள அலுவலகத்திற்கு எழுதி மாதக்கணக்கிற் காத்திருப்பதிலும், விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் நேரிற் சென்று கேட்டுப் பெறுவது எளிதன்றோ? மொழிப் பரீட்சையின் பெறுபேறு பொதுவாக 2 ஆண்டுகளே செல்லும். ஆகவே அதனை முந்தியும் எழுதலாகாது, காலந்தாழ்த்தவும் ஆகாது.

அடுத்தது பெயர். நாம் தந்தையின் பெயரை முன்னே வைத்து எழுதுகிறோம்; மேல்நாட்டார் குடும்பப் பெயரைப் பின்னே தேடுகிறார்கள். நமது ழகரத்தை ஆங்கிலத்தில் ஓர் எழுத்தால் எழுதுவாரும் உளர். ஈரெழுத்தால் எழுதுவாரும் உளர். கடவுச்சீட்டில் ஒருவிதம், உயர்தரப் பெறுபேற்றில் ஒருவிதம், பட்டத்தில் மற்றொருவிதம் என்றிருந்தால், அங்குள்ள எழுதுவினைஞர் மூன்று பெண்களைக் காண்பார்! பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டையும் காட்டி, அதிலுள்ளவாறே பெயரை எழுதுவிக்க வேண்டும். விவாகத்தின்பின் பெயர் மாறினால், பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் பாலம் விவாகச் சான்றிதழே. பிரதிகள் பலவற்றை எடுத்து வையுங்கள்.

1956 ஆம் ஆண்டில் நமது மொழியை அரச அலுவலகங்களின் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்லிற்று. எனினும் சட்டம் ஏட்டில் ஏறுவது வேறு. அலுவலக மேசையில் வாழ்வது வேறு. விளங்காத மொழியில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். தமிழிற் கேட்பது உங்கள் உரிமை.

சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்த வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு கொழும்பில் உண்டு. யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. தரகருக்குக் காசு கொட்டவேண்டிய வேலையன்று. எந்தத் தாளுக்கு அத்தாட்சி வேண்டும் என்பதை, அதனைக் கேட்கும் சபையிடமே முதலில் எழுதி அறிந்துகொள்ளுங்கள்.

அரச சேவையில் இருப்போருக்கு ஒரு சொல். விமானச்சீட்டு வந்ததென்று அறிவிப்பின்றிப் புறப்பட்டால், பதவியை விட்டு நீங்கியவர் என்று கோவையில் எழுதப்படும். முறைப்படி விலகி, அதனை ஏற்ற கடிதத்தையும் சேவைக் கடிதத்தையும் பெற்றுக்கொண்டே செல்லுங்கள். நாளை நற்சாட்சி கேட்கும்போது அவையே பேசும்.

இறுதியாக ஒன்று. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்பதானாலும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம். சீதனக் காணிக்கும் அந்தக் கட்டு உண்டு. ஆனால் அவள் கற்ற கல்விக்கு எவர் சம்மதமும் வேண்டியதில்லை. அது அவளுக்கே உரிய சொத்து. ஆகையால் மூலப் பத்திரங்கள் அவள் கைப்பையிலேயே இருக்கட்டும். தரகர் கையிலும் வேண்டாம், மாமியார் அலுமாரியிலும் வேண்டாம். பிரதி ஒன்று தாய்வீட்டில் இருக்கட்டும்.

நல்ல கணவன் அமையட்டும் என்றே வாழ்த்துகிறோம். அமையாவிட்டால்? கனடாவில், மணந்தோ சேர்ந்து வாழ்ந்தோ 2 ஆண்டுகளுக்கு மேற்படாத, பிள்ளைகளற்ற துணைவர் மேலும் 2 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலே நிரந்தர வதிவுரிமை நிலைக்கும் என்ற நிபந்தனை 2012 இல் வந்து, 2017 இல் நீக்கப்பட்டது. அடியையும் வசையையும் பொறுத்துக்கொண்டு கிடக்கும்படி அச்சட்டம் இன்று சொல்லவில்லை. ஆயினும் சட்டம் கதவைத்தான் திறக்கும். வெளியே வந்தவளுக்குச் சோறு போடுவது அவள் தொழிலே.

பெற்றோர்களே! நகைப்பெட்டியைப் பூட்டுமுன் சான்றிதழ்க் கோவையைத் திறந்து பாருங்கள். தங்கம் அடகுக்குப் போகும்; கற்ற தொழில் அடகுக்குப் போகாது. தாலியோடு தாளும் கொடுத்து அனுப்புங்கள்.