படுகளமும் பட்டாலிக்கும்



கொங்கு நாட்டில் நின்றுகொண்டு, இளம் வயதில் களத்தில் மாண்டவனைப் பற்றிப் பேச வந்தால் அண்ணன்மாரான பொன்னர், சங்கரைத் தாண்டிப் போக முடியாது. அவர்கள் கதை சண்டையோடு முடிவதில்லை. உடன்பிறந்தவர்களின் உடலைத் தேடித் தங்கை தங்காள் அவர்கள் விழுந்த படுகளத்துக்குப் போகிறாள். உடுக்கடிப் பாட்டுக்காரர் அந்த இடத்துக்கு வந்தால் கேட்கிறவர்களுக்குத் தொண்டை அடைத்துவிடும். இன்றும் மாசியில் நம் மக்கள் அண்ணன்மாருக்காக வீரப்பூருக்குப் போகிறார்கள். படுகளம் விழுந்தவர்களை எழுப்பும் சடங்கைப் பார்க்கிறார்கள்.

அந்த வீரப்பூர் இருக்கும் திருச்சி மாவட்டத்தில் வளர்ந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மேஜர் மாரியப்பன் சரவணன். பிறந்தது 1972 ஆகஸ்ட் 10, இராமேசுவரத்தில், படித்தது திருச்சியில். தந்தையும் இராணுவத்தில் இருந்தவர். சென்னையில் அதிகாரிப் பயிற்சி முடித்து, பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனுக்குப் போனார்.

1999 மே மாதம். குளிர்காலத்தில் நம் படை காலி செய்திருந்த கார்கில் முகடுகளைப் பாகிஸ்தான் படையினர் பிடித்துவைத்திருந்தார்கள். மேலே இருக்கிறவனுக்கு ஏறி வருகிற ஒவ்வொரு தலையும் தெரியும். ஆகவே இருட்டில்தான் ஏற வேண்டும். பதினாலாயிரம் அடி உயரத்தில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். அதில் ஆயுதத்தையும் சுமக்க வேண்டும். பட்டாலிக் பகுதியில் ஜூபர் முகட்டை நோக்கி, மே 29 விடியற்காலையில் சரவணன் தம் வீரர்களோடு ஏறினார். ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்குகுழியைத் தாக்கினார். குண்டுச் சிதறல் வயிற்றில் பாய்ந்தது. திரும்பி வரச் சொன்ன பிறகும் முன்னேறினார். தலையில் குண்டு பட்டு விழுந்தார். வயது 26.

நம் மேடைகளில் பேச்சு இதோடு நின்றுவிடும். பிறகு நடந்தது என்ன? எதிரியின் துப்பாக்கிக்கு நேரே கிடந்த உடலை எடுக்க வழியில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் அது பனியிலேயே கிடந்தது. ஜூலையில் ஜூபரை மீட்ட நாட்களில்தான் அவருடைய பட்டாலியனால் உடலை எடுக்க முடிந்தது. அதுவரை திருச்சியில் ஒரு தாய் காத்திருந்தார். தங்காளாவது படுகளத்துக்கு நடந்து போனாள். இந்தத் தாய்க்கு அதற்கும் வழியில்லை.

சரவணனுக்கு வீர சக்ரா விருது தந்தார்கள். திருச்சியில் நினைவுச் சின்னமும் இருக்கிறது. ஆனால் கார்கிலில் உயிர்விட்ட 527 பேரில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கார்கிலிலாவது உடல்கள் சொந்த ஊருக்கு வந்தன. 1962, 1965, 1971 போர்களில் இறந்த பெரும்பாலோருக்குக் களத்துப் பக்கத்திலேயே இறுதிச் சடங்கு நடந்துவிட்டது. வீட்டுக்குத் தந்திதான் வந்தது.

களத்தில் விழுந்தவனின் பெயரையும் செயலையும் நடுகல்லில் பொறித்துவைத்த சமூகம் நம்முடையது. நாம் சிலை வைக்கிறோம், மாலை போடுகிறோம். அவன் வாழ்க்கையை எழுதுவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ போரில் மகனை இழந்த வீடு இருந்தால் போய்த் திண்ணையில் உட்காருங்கள். அவன் எந்த வயதில் பட்டாளத்துக்குப் போனான், கடைசிக் கடிதத்தில் என்ன எழுதினான், தந்தியை யார் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வீட்டார் சம்மதித்தால் படத்தையும் கடிதத்தையும் நகல் எடுத்துக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.