சோமாலி மொழி படிக்கப் பழகினோம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் சோமாலி மொழியைப் பற்றிப் பேசுக என்று செயலாளர் பணித்தபோது எங்களுக்கே சற்று வியப்பாயிற்று. ஐதராபாத்தில் வாழும் தமிழர் தெலுங்கு கற்பது இயல்பு. உருது கற்பதும் இயல்பு. ஆப்பிரிக்காவின் கீழ்க்கோடியில், கடலுக்குள் நீண்ட கொம்புபோல் கிடக்கும் ஒரு நாட்டின் மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தலைப்பட்டோம் என்றால் நகைக்கத்தானே தோன்றும்? காரணம் சிறிது. நம் காலனியில் எங்கள் வீட்டு மாடிப்பகுதியில் சோமாலி மாணவர் ஒருவர் குடியிருந்தார். அவர் அன்னையார் கண் மருத்துவத்திற்காக இந்நகருக்கு வந்து மூன்று திங்கள் தங்கினார். அவருக்குத் தம் மொழியன்றி வேறொன்றும் தெரியாது. அவரோடு நாலு வார்த்தை பேசவேண்டும் என்னும் ஆசையே எங்களை இதில் இழுத்துவிட்டது.

முதலில் எழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சோமாலி பழைய மொழி. அதன் எழுத்து வழக்கோ மிக இளையது. 1920களின் தொடக்கத்தில் உஸ்மான் யூசுப் கெனதீத் என்பவர் தம் மொழிக்கெனப் புதிய எழுத்தொன்றை வகுத்தார். அரபு எழுத்து வேண்டும் என்றோரும் உண்டு. உரோமன் எழுத்தே தக்கது என்றோரும் உண்டு. இப்பூசல் பல ஆண்டுகள் நீடித்து, 1972 அக்டோபர் 21ஆம் நாள் உரோமன் எழுத்தே அரசின் எழுத்தாகும் என அறிவிக்கப்பட்டது. 1974இல் பள்ளிகளை மூடிவிட்டு, ஏறத்தாழ 25,000 மாணவர்களை ஒட்டகம் மேய்ப்போர் வாழும் உள்நாட்டிற்கு அனுப்பினர், மக்களுக்கு எழுத்துச் சொல்லித்தர. பதினாறு வயதுப் பிள்ளை தாத்தாவுக்கு அரிச்சுவடி கற்பித்த காலம் அது. எங்கள் அம்மையாரும் சிறுமியாயிருந்தபோது மரத்தடியில் அவ்வாறு கற்றவரே.

உரோமன் எழுத்துதானே, ஆங்கிலம் அறிந்தவர்க்கு எளிதன்றோ என்று எண்ணினோம். அவ்வெண்ணமே முதற் பகை. எக்ஸ் என்னும் எழுத்து அங்கே எக்ஸ் அன்று. தொண்டையை நெருக்கி எழுப்பும் ஹகரம். சி என்னும் எழுத்து சகரமுமன்று, ககரமுமன்று. அரபியின் ஐன் போல அடித்தொண்டையிற் பிறப்பது. பாலுக்கு உரிய சொல் சி எழுத்தில் தொடங்குகிறது. ஒருநாள் கிண்ணத்தை நீட்டி ‘சானோ’ என்றோம். அம்மையார் திகைத்தார். பின்னர்க் கிண்ணத்தினுள் தடவிப் பார்த்து, அடித்தொண்டையிலிருந்து ‘ஆனோ’ என்று சொல்லிக் காட்டி வெகுநேரம் சிரித்தார்.

தமிழர்க்கு எளிதாய் அமைந்தவையும் உண்டு. உயிரெழுத்தை இருமுறை எழுதினால் நெடில். ஒருமுறை எழுதினால் குறில். டி, எச் இரண்டையும் சேர்த்தெழுதினால் நாவை வளைத்து ஒலிக்கும் டகரம். இவ்வொலி நமக்கு ‘நாடு’, ‘வீடு’ என்பவற்றில் நாள்தோறும் புழங்குவது. மெய் இரட்டித்தால் பொருள் மாறும். ‘வரன்’ என்பது ஈட்டி. ரகரம் இரட்டித்து ‘வர்ரன்’ என்றால் ‘செய்தி சொல்’ என்பது பொருள். ‘இஸ்க வர்ரன்’, அதாவது ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்பதே அவர்கள் நலம் வினவும் முறை.

இவ்வெழுத்து முறையில் எழுதியபடி ஒலிக்கலாம் என்பதால், இரண்டு வாரத்தில் பொருள் தெரியாமலே உரக்கப் படிக்கக் கற்றுக்கொண்டோம். மாணவர் பாராட்டினார். எங்களுக்கும் சற்றுச் செருக்கு உண்டாயிற்று.

அச்செருக்கு அடங்கியது அறுவை நடந்த மறுநாள். அம்மையாரின் ஒரு கண் கட்டப்பட்டிருந்தது. மற்றதில் பார்வை மங்கல். மகன் மருந்து வாங்கச் சென்றிருந்தார். அவர் கைப்பேசிக்கு ஊரிலிருந்து எழுத்துச் செய்தி வந்தது. ஊரில் மகள் பேறுகாலத்தில் இருந்தாள். முந்திய பிள்ளை தங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அம்மையார் நடுங்கும் கையால் கருவியை எங்களிடம் நீட்டினார். நாங்கள் படித்தோம்: ‘இனன் பை டஷய்’.

அவர் எழுந்து உட்கார்ந்தார். ‘இனன்?’ என்றார். தலையசைத்தோம். மீண்டும் ‘இனன்?’ என்றார். ஆம், இனன்தான் என்றோம். மூன்றாம் முறையும் அதே சொல்லைச் சொல்லி எங்கள் கையைப் பற்றி உலுக்கினார். ஒரே சொல்லை ஏன் இத்தனை முறை கேட்கிறார், வலியினால் மனம் பேதலித்ததோ என்று அஞ்சினோம். என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த வரியைப் படித்தோம். அது ‘இனன்தா’ என்று தொடங்கியது. அவ்வளவுதான்; அம்மையார் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணில் நீர் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாரே என நாங்கள் பதறியது யார் காதிலும் விழவில்லை.

மாலையில் மகன் விளக்கினார். முதல் அசையை உயர்த்திச் சொன்னால் ‘இனன்’ ஆண்பிள்ளை. இறுதி அசையை உயர்த்தினால் பெண்பிள்ளை. எழுத்தில் இவ்வேறுபாடு இல்லை. அம்மையார் இரண்டையும் மாறிமாறிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்; எங்கள் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன. ‘மகள் பிள்ளை பெற்றாள்’ என்று மட்டும் நாங்கள் படித்திருக்கிறோம்; எந்தப் பிள்ளை என்று படிக்கவில்லை. அடுத்த வரியின் ‘தா’ என்னும் விகுதியே பெண்பால் காட்டியது; ஆணாயின் ‘இனன்கா’ என்றிருக்கும். தாயும் சேயும் நலம் என்பதும் அதே வரியில் இருந்தது.

அன்றுமுதல் கற்கும் முறையை மாற்றினோம். தனிச்சொல்லை மனப்பாடம் செய்வதை விட்டோம். பெயர்ச்சொல் எதுவாயினும் ‘கா’ அல்லது ‘தா’ என்னும் அதன் விகுதியோடு குறிப்பேட்டில் எழுதினோம். எழுதியதை அம்மையாரிடம் உரக்கப் படித்தோம். அவர் திருத்திய ஒலியின் மேல் கோடு இட்டுக்கொண்டோம். நூலகத்தில் நூறு நாள் அமர்ந்தாலும் கிட்டாத பாடம் அது.

உறவுப் பெயர்களில் நமக்கு உழைப்பே இல்லை. தந்தையின் உடன்பிறந்தாள் ‘ஏத்தோ’, நம் அத்தை. தாயின் உடன்பிறந்தான் ‘அப்தி’, நம் அம்மான். தாயின் தங்கை ‘ஹபர்யர்’. ‘யர்’ என்றால் சிறிய. ஆகவே சொல்லுக்குச் சொல் சின்னம்மா! ஆங்கிலத்தில் இவ்வனைத்தையும் இரண்டே சொற்களில் அடக்கிவிடுகின்றனர். அம்மையாரை ‘ஏத்தோ’ என்றழைத்தோம். அவரும் எங்களை ‘ஏத்தோ’ என்றே அழைத்தார். தவறாகப் புரிந்துகொண்டார் போலும் என்றிருந்தோம். பெரியவர் எம்முறையில் அழைக்கப்படுகிறாரோ அம்முறையாலேயே இளையவரைத் திருப்பி அழைப்பது அந்நாட்டு அன்பு வழக்காம்.

ஒட்டகச் சொற்களுக்கோ கரையில்லை. கூட்டமாயின் ‘கேல்’, பெண் ஒட்டகம் ‘ஹல்’, பொதி சுமப்பது ‘ரதி’, குட்டி ‘நிரிக்’. ‘ஹல்’ என்பதே ‘ஒன்று’ எனவும் பொருள்படும். இடம் நோக்கித்தான் கொள்ளவேண்டும். புதுச்சொற்களையும் அழகாக ஆக்கியிருக்கின்றனர். ‘வர்’ செய்தி, ‘கெய்ஸ்’ கொண்டுசேர், ‘வர்கெய்ஸ்’ செய்தித்தாள். ‘மதஹ்’ தலை, ‘வெய்ன’ பெரிய. ‘மதஹ்வெய்ன’ குடியரசுத் தலைவர். நம் நாட்டுச் சொற்களும் அங்குக் குடியேறியுள்ளன. அந்நாட்டின் வடபகுதி 1898 வரை பிரித்தானிய இந்திய அரசின் பொறுப்பில் இருந்ததன்றோ? ரொட்டி அங்கே ‘ரோதி’, வண்டி ‘காரி’.

அவர்கள் செய்யுளைக் கேட்டபோது வியந்தோம். நாம் அடிதோறும் மோனை தேடுகிறோம். அவர்களோ ஒரு பாட்டு முழுவதையும், நூறு அடி ஆயினும், ஒரே எழுத்தின் மோனையில் நடத்துகின்றனர். சொல் தேடுவார்க்கு இதைவிடச் சிறந்த அகராதி வேண்டுமோ? ககரப் பாட்டு ஒன்றைக் கேட்டால் ககரச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். உரைநடையில் 1974இல் ஃபாராஹ் எம். ஜே. அவுல் எழுதிய நாவலை மாணவர் எங்களுக்குக் காட்டினார். ‘அறியாமை அன்புக்குப் பகை’ என்பது அதன் பெயரின் பொருள். காதலி எழுதிய மடலைக் காதலன் படிக்க இயலாதவனாயிருப்பது கதையின் திருப்பம். முதல் ஐந்து பக்கங்களைக் கடக்க எங்களுக்கு ஒரு திங்கள் ஆயிற்று. இன்னும் முடித்தபாடில்லை.

அம்மையார் ஊர் திரும்பி எட்டுத் திங்களாகின்றன. பார்வை நன்கு தெளிந்துவிட்டது. சென்ற வாரம் முதன்முறையாக மாணவரின் உதவியின்றி நாங்களே அவருக்குச் செய்தி எழுதி, நலம் வினவினோம். மறுமொழி அன்றே வந்தது. பேத்தி தவழ்கிறாளாம், ஆடு விற்றாயிற்றாம். ஈற்றில் ஒரு வரி: ‘ஏத்தோ, என்னிடம் ஈட்டி எதுவும் இல்லையே!’ எழுதியதை எடுத்துப் பார்த்தோம். ஒரு ரகரம் விட்டுப்போயிருந்தது.