அந்நியரைத் துரத்திவிட்டு ஆலயத்தில் ஜெபமா?

(தமிழ்க் குடும்பங்களுக்கான ஒரு சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது சிலருக்குக் கசக்கும். குறிப்பாக, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு. நானும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன்தான். அதனால்தான் பேசுகிறேன். வீட்டுக் குப்பையை வீட்டுக்காரன்தான் முதலில் கூட்ட வேண்டும்.

ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். 2012, 2013 ஆண்டுகளில் இலங்கைத் தமிழர் இருவர் தனித்தனியே படகேறி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே திருமணம் செய்துகொண்டு, குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயெலா என்ற சின்ன ஊரில் குடியேறினார்கள். கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். இருவரும் ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்தவர்கள்.

2018 மார்ச் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு எல்லைக் காவல் அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். தாயின் தற்காலிக விசா அப்போதுதான் முடிந்திருந்தது. சின்னவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. குடும்பத்தோடு மெல்பர்ன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 2019 ஆகஸ்டில் இரவோடு இரவாக விமானத்தில் ஏற்றினார்கள், இலங்கைக்குத் திருப்பி அனுப்ப. விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி தடை உத்தரவு போட்டார். விமானம் டார்வினில் இறங்கியது. அதன் பிறகாவது வீட்டுக்கு விட்டார்களா? இல்லை. நடுக்கடலில் ஒரு தீவுக்கு அனுப்பினார்கள்.

அந்தத் தீவின் பெயர் கிறிஸ்துமஸ் தீவு! 1643ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி அந்த வழியாகப் போன ஆங்கிலேயக் கப்பல் தலைவன் வைத்த பெயர். நமக்குத் தூரத்து இடமில்லை. 1958இல் ஆஸ்திரேலியா கைக்குப் போகும் முன்பு சிங்கப்பூரிலிருந்து நிர்வகித்த தீவுதான் அது. தங்க இடம் கிடைக்காத ஒரு தாய்க்குத் தொழுவத்தில் பிறந்த குழந்தையின் திருநாள் பெயரைத் தாங்கிய தீவில், இரண்டு தமிழ்ச் சிறுமிகள் ஏறக்குறைய 2 ஆண்டுகள் காவலில் வளர்ந்தார்கள்.

அப்போது அந்த நாட்டின் பிரதமர் யார்? ஸ்காட் மோரிசன். பெந்தகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். 2008இல் நாடாளுமன்றத்தில் ஆற்றிய முதல் உரையிலேயே அன்பு, நியாயம், நீதி ஆகிய பண்புகளைத் தம் விசுவாசத்திலிருந்து பெற்றதாகச் சொன்னவர். 2013இல் குடிநுழைவு அமைச்சரானதும் அகதிப் படகுகளைத் திருப்பி அனுப்பும் நடவடிக்கையை நடத்தியவரும் அவரே. 2014இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ஒரு படகை மறித்தார்கள். அதில் 157 தமிழர்கள், அவர்களில் சுமார் 50 பேர் குழந்தைகள். ஒரு மாதம் போல கப்பலிலேயே அடைத்து வைத்தார்கள். அது சட்டப்படி சரி என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 2015இல் சொன்னது. ஏழு நீதிபதிகளில் மூவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பிரதமரான பிறகு அவருடைய அலுவலகத்தில் படகு வடிவத்தில் ஒரு நினைவுப் பரிசு இருந்தது. "நான் இவற்றை நிறுத்தினேன்" என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. 2021 ஏப்ரலில் கிறிஸ்தவ சபைகளின் மாநாட்டு மேடையில் ஏறி, தாம் கடவுளின் பணியைச் செய்ய அழைக்கப்பட்டதாகப் பேசினார். அதே ஏப்ரலில் அந்த இரண்டு பிள்ளைகளும் தீவில்தான் இருந்தார்கள். இரண்டே மாதத்தில் சின்னவள் கடும் நோயுற்று, விமானத்தில் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டாள்.

தோழர்களே, வேதம் என்ன சொல்கிறது? உன் நாட்டில் தங்கும் அந்நியனை உள்ளூர்க்காரனைப் போல நடத்து என்கிறது லேவியராகமம். அதற்குக் காரணமும் சொல்கிறது: நீங்களும் ஒரு காலத்தில் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு, அந்நியனைச் சேர்த்துக்கொண்டவன் என்னையே சேர்த்துக்கொண்டான் என்ற பொருளில் தீர்ப்புச் சொல்கிறார். விசா இருந்ததா, வரிசையில் வந்தானா என்று அங்கே கேள்வி இல்லை. ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடியபோது அவரே ஓர் அகதிக் குழந்தை.

இதற்கு அவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். படகில் வருகிறவர்கள் கடலில் சாகிறார்கள், அதைத் தடுக்கத்தான் இந்தக் கடுமை என்பார்கள். நியாயமான கவலைதான், நான் மறுக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் அந்தக் கடலில் மாண்டார்கள். ஆனால் வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு சிறுமிகளும் எந்தப் படகில் வந்தார்கள்? நாளை யாரோ ஒருவன் படகேறாமல் இருக்க, இன்று ஒரு குழந்தையைப் பூட்டி வைப்பது எந்த வேதத்தில் இருக்கிறது?

எல்லாக் கிறிஸ்தவர்களையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. 2014இல் போதகர்களும் விசுவாசிகளும் மோரிசனின் சிட்னி அலுவலகத்தில் உட்கார்ந்து, தடுப்பு முகாம் குழந்தைகளுக்காக ஜெபித்தார்கள். போலீஸ் கைது செய்தது. 2016இல் பிரிஸ்பன் நகர ஆங்கிலிக்கன் பேராலயம் உட்படப் பல ஆலயங்கள், திருப்பி அனுப்பப்படவிருந்த அகதிகளுக்கு அடைக்கலம் தருவோம் என்று கதவைத் திறந்தன. ஒரே வேதம்தான். ஒருவர் அதை மேடையில் தூக்கிக் காட்டினார், மற்றவர் அதற்காகக் கைவிலங்குக்குத் துணிந்தார்.

பிலோயெலா ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரசங்கம் செய்யவில்லை. எங்கள் அண்டை வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடு என்று 4 ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2022 ஜூனில், ஆட்சி மாறிய பிறகு, அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவைத் திட்டிவிட்டுக் கைதட்டி வீட்டுக்குப் போவது சுலபம். 2011இல் 800 அகதிகளை மலேசியாவுக்கு அனுப்ப ஆஸ்திரேலியா ஒப்பந்தம் போட்டபோது, அவர்களது நீதிமன்றமே அதைத் தடுத்தது. ஏன்? அகதிகளைக் காக்க மலேசியாவில் சட்டக் கடப்பாடு இல்லை என்பதால். 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவே இல்லை. பத்திரமில்லாதவனுக்குப் பிரம்படி கொடுக்கும் சட்டம் நம்முடையது.

2020இல் ரோஹிங்கியாக்களுக்கு எதிராக வசை பொங்கியபோது, அதைக் கைபேசியில் பகிர்ந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், சபைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். நம்மை ஒருவன் "பெண்டாத்தாங்" என்றால் கொதிக்கிறோம். சிவப்பு அடையாள அட்டையோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த நம் பாட்டிமாரை நினைத்து அழுகிறோம். அதே வாயால் இன்னொருவனை வந்தேறி என்று சொல்லலாமா?

சின் இன அகதிகளுக்கு உதவும் தேவாலயங்கள் நம் நாட்டிலும் உண்டு. பாராட்டுவோம். ஆனால் அவர்கள் கிறிஸ்தவர்கள். சமாரியன் கதையில் அடிபட்டவனுக்குக் கைகொடுத்தவன் வேறு கூட்டத்தான். நமக்கான பரீட்சை அங்கேதான் இருக்கிறது.

வரும் ஞாயிறு உங்கள் போதகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, பத்திரமில்லாத ஒரு ரோஹிங்கியாத் தாய் பிள்ளையோடு நம் ஆலயத்தின் படியேறி வந்தால் என்ன செய்வோம்? கோயிலுக்குப் போகிறவர்கள் கோயில் தலைவரிடம் கேளுங்கள். அதற்கு முன் வீட்டில், சாப்பாட்டு மேசையில், நம் பிள்ளைகள் முன்னால் நாமே பதில் சொல்லிப் பார்ப்போம்.

நம் முன்னோரும் கப்பலில் வந்தவர்கள்தான். அதை மறக்காதிருப்போம்.