முதலாளி எங்கே?

தோழர்களே!

ஆலைச் சங்கு ஊதிய காலத்தில் தொழிலாளிக்கு ஓர் உண்மை ஐயமறத் தெரிந்திருந்தது: வாயில் எது, முதலாளி யார் என்பது. குறை மூண்டால் அவ்வாயிலில் கூடினான், கொடி உயர்த்தினான், கூலி உயர்வு கேட்டான். இன்றோ சங்கு இல்லை, வாயில் இல்லை, மேஸ்திரி இல்லை. கைபேசி மணி அடிக்கிறது, ஓடுகிறான்!

வண்டி அவனுடையது. எரிபொருட் செலவு அவனுடையது. வெயிலும் மழையும் விபத்தும் அவனுடையவை. கட்டணம் விதிக்கும் உரிமை மட்டும் நிறுவனத்துடையது! இவனுக்கு அவர்கள் சூட்டியுள்ள பட்டம் 'கூட்டாளி'. இலாபத்தில் பங்கில்லாத கூட்டாளியை எந்தக் கணக்கேட்டிலேனும் கண்டதுண்டா?

பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்கள் இக்கேள்வியை எழுப்பி, 2016 இல் தொழில் தீர்ப்பாயத்தில் வென்றனர். நிறுவனம் அடுத்தடுத்து மேல்முறையீடு செய்தது. 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்டணமும் நிபந்தனையும் நிறுவனம் விதிப்பவை. சவாரியை மறுப்பவர் மீது அதன் பிடி இறுகுகிறது. மதிப்பெண் கொண்டு அது ஓட்டுநரை ஆள்கிறது. ஆகவே அவர் தொழிலாளியே, குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுமுறையும் அவருக்கு உரியவை என்பதே தீர்ப்பின் சாரம்.

வலைப்பின்னல் வேலையைச் சிதறடித்தது. அதிகாரத்தையோ ஓரிடத்தில் குவித்தது. கங்காணியின் பிரம்பைக் கணிப்பொறி ஏந்தியிருக்கிறது, அவ்வளவே!

வலைப்பின்னலே தீது என்பதா? அன்று! 1991 இல் தொடங்கிய லினக்ஸும், 2001 இல் பிறந்த விக்கிப்பீடியாவும் அதே வலைப்பின்னலில் பல நாட்டவர் உழைப்பால் வளர்ந்து யாவர்க்கும் பொதுவாயின. 2022 இல் கேரள அரசே வாடகை வண்டிச் சேவை ஒன்றைத் தொடங்கிற்று. கருவி ஒன்றுதான், அது யார் கையில் என்பதே கேள்வி.

இந்தியாவில் இத்தகைய தொழிலாளர் 2020–21 இல் 77 இலட்சம் என்றும், 2029–30 இல் 2.35 கோடி ஆவர் என்றும் நிதி ஆயோக் 2022 இல் மதிப்பிட்டது. 2023 இல் ராஜஸ்தான் தனிச் சட்டம் கண்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நலவாரியம் அமைந்தது. வரவேற்போம். ஆயினும், 2020 இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, முதலாளி–தொழிலாளி என்ற மரபுறவுக்கு வெளியே நிற்பவர் என்றே இவரை வரையறுக்கிறது. நலநிதி தந்து, தொழிலாளி என்ற பெயரைப் பறிப்பதா? பெயர் போனால் ஊதிய உரிமையும் போகுமன்றோ!

ஆகவே தோழர்களே, உணவு விடுதி வாசலில் பையுடன் காத்து நிற்கும் இளைஞரிடம் செல்லுங்கள். கட்டணக் கணக்கை வெளியிடு, விசாரணையின்றிக் கணக்கை முடக்காதே, குறைந்தபட்ச ஊதியம் கொடு என்ற மூன்று கோரிக்கைகளை எடுத்துரையுங்கள். தனித்தனியே ஓடுவோர் சங்கமாய்க் கூடும் நாளில், மறைந்து நிற்கும் முதலாளி வெளியே வந்தே தீருவான்!